பாரம் இறக்கிய பாலம்

சிங்கப்பூர் ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தருகே பழைய இரும்புத் தொங்குபாலம் ஒன்று உண்டு. காவெனா பாலம் என்பது அதன் பெயர். அங்கே சபர் சென்று மீண்ட நம்மவர் பலரும் அதன்மேல் நடந்திருப்பர். ஆனால், பாலத்தின் முனையிலுள்ள பழைய அறிவிப்புப் பலகையை நின்று படித்தவர் சிலராகவே இருப்பர். பாரத்தோடு சேர்ந்து மூன்று அந்தருக்கு மேற்பட்ட எந்த வண்டியும் இப்பாலத்தின்மேல் செல்லலாகாது. மாடுகளும் குதிரைகளும் அறவே ஆகா என்று போலீஸ் தலைமை அதிகாரியின் ஆணையாக அப்பலகை கூறுகிறது. மூன்று அந்தர் என்பது இன்றைய கணக்கில் ஏறத்தாழ 152 கிலோ. வயிறு பெருத்த வணிகர் இருவரின் எடை என்று வைத்துக்கொள்ளலாம்!

இந்தப் பலகையைப் பற்றி இப்போது நாம் எழுத நேர்ந்ததற்குக் காரணம் சிங்கப்பூரில் இல்லை, குன்னூரில் இருக்கிறது.

குன்னூரில் நாம் குடியிருக்கும் தெருவின் கீழ்ப்புறம் தேயிலைத் தோட்டம் ஒன்று சரிந்து இறங்குகிறது. அங்கே நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழுந்து எடுத்த அம்மையார் ஒருவர் நம் வீட்டாருக்கு நெடுநாள் பழக்கம். இலங்கையின் கண்டிச் சீமையில் பிறந்தவர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. எழுபதுகளில், பன்னிரண்டு வயதுச் சிறுமியாகத் தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேசுவரத்தில் இறங்கி, பாம்பன் பாலத்தின்மேல் ரயிலில் வந்தவர். அன்று அந்தத் தீவிலிருந்து வெளியேறத் தரைவழி வேறு இல்லை. சாலைப் பாலம் 1988இல்தான் திறக்கப்பட்டது.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். தோட்டத்து லயன் வீடு வேலையில் உள்ளவர்க்கே என்பது தேயிலைத் தோட்டங்களின் பொது வழக்கு. வீட்டைக் காலி செய்யும்படி அவருக்கும் சொல்லியாயிற்று. ஒருநாள் மாலை நம் வாசற்படியில் அமர்ந்து தேநீர் அருந்தியவாறு அவர் கேட்டார்:

"கொழுந்து எடுக்க ஆள் வந்தா அந்த ஆளுக்கு வீடு வேணும் இல்லையா பாய்? எனக்கு இனிமே கூடை தூக்க முடியாது. அப்ப நான் போறதுதானே நியாயம்?"

வெறுப்பாகவோ குத்தலாகவோ அவர் கேட்கவில்லை. உண்மையிலேயே விடை வேண்டிக் கேட்டார். நாமோ சட்டென்று 'ஆம்' என்றும் சொல்ல இயலாமல், 'இல்லை' என்று சொல்வதற்குக் காரணமும் காட்ட இயலாமல் இருந்துவிட்டோம். நாட்கூலிக் கணக்கும் சட்டக் கணக்கும் அவருடைய கேள்வியின் பக்கமே நிற்கின்றன. ஆயினும் நெஞ்சு அதை ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்று எண்ணிக்கொண்டிருந்த இரவொன்றில்தான், எங்கோ கிடக்கும் அந்தப் பாலமும் பலகையும் நினைவுக்கு வந்தன.

நம் வாப்பாவின் தமையனார், நாம் பெரிய வாப்பா என்று அழைத்தவர், ஒரு சபராளி. ஐம்பதுகளில் நாகூரிலிருந்து கப்பலேறிச் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டில் கடைச் சிப்பந்தியாக இருந்தார். மாலையில் கடை கட்டியதும் அந்தப் பாலத்தின்மேல் நடப்பது அவர் வழக்கம். ஊர் திரும்பிய பின், "ஆளுக்குப் பென்ஷன் கொடுத்த ஊரைப் பார்த்திருக்கிறேன், பாலத்துக்குப் பென்ஷன் கொடுத்த ஊரையும் பார்த்துவிட்டேன்" என்று சொல்லிச் சிரிப்பார். அந்தப் பென்ஷனின் வரலாறு சற்று விரிவாகச் சொல்லத்தக்கது.

1819இல் ஆங்கிலேயர் சிங்கப்பூரில் கால் ஊன்றியபின் அவ்வாறே துறைமுகம் ஆயிற்று. கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்க, சரக்கை ஏற்றி இறக்கியவை தோணிகள். தொடக்கக் காலத்தில் அத்தோணித் தொழில் பெரிதும் நம்மவர் கையில் இருந்தது. நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் பக்கமிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்களைச் சூலியாக்கள் என அழைத்தனர். 1826இல் நிறுவிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும், 1827இல் தொடங்கி நம்மவர் வாயில் குச்சுப் பள்ளி எனப் பெயர் பெற்ற அல் அப்ரார் பள்ளிவாசலும், 1828க்கும் 1830க்கும் இடையே எழுந்த நாகூர் தர்காவும் அவர்களுடைய வியர்வையின் சாட்சிகள். பின்னிரண்டும் நிற்கும் தெலுக் ஆயர் தெரு அன்று கடற்கரை. இன்றோ கடலைத் தூர்த்துத் தூர்த்து, கரை எங்கோ போய்விட்டது. பிற்காலத்தில் தோணித் தொழில் சீனர் வசம் சென்றது.

ஆற்றின் ஒரு கரையில் அரசு அலுவலகங்கள். மறு கரையில் வணிகம். இரண்டையும் இணைக்கவே காவெனா பாலம் 1868க்கும் 1870க்கும் இடையே அமைக்கப்பட்டது. கிளாஸ்கோ நகரத்து மக்லெலன் கம்பெனியார் இரும்புப் பகுதிகளை வார்த்துக் கப்பலில் அனுப்ப, சிங்கப்பூரில் அவை பூட்டப்பட்டன. இந்திய நிருவாகத்தின் கீழ் அக்குடியேற்றத்தை ஆண்ட கடைசி கவர்னர் வில்லியம் ஆர்பர் காவெனாவின் பெயரையும் அவர் குடும்பச் சின்னத்தையும் தாங்கி அது நின்றது.

அதிலே ஒரு பிழை இருந்தது. பாலத்தைத் தாழ அமைத்துவிட்டார்கள்! கடல் ஏறும் வேளையில் தோணிகள் அதன் அடியில் நுழைய முடியவில்லை. வற்றம் வரும்வரை தோணிக்காரர் காத்துக் கிடந்தனர். மேலேயோ நாளுக்கு நாள் மாட்டு வண்டிகளும் குதிரை வண்டிகளும் ரிக்ஷாக்களும் பெருகின. கீழே போவோர்க்கும் இடைஞ்சல், மேலே போவோர்க்கும் நெருக்கடி. நாற்பது ஆண்டில் பாலம் 'போதாது' என்ற தீர்ப்பைப் பெற்றது. 1910இல் அருகிலேயே ஆண்டர்சன் பாலம் திறக்கப்பட்டது. பழையதை இடித்துவிடும் எண்ணமும் எழுந்தது. ஆனால் இடிக்கவில்லை. வண்டிகளைப் புதிய பாலத்துக்குத் திருப்பிவிட்டு, பழையதை நடப்போர்க்கு விட்டனர். மூன்று அந்தர்ப் பலகை அந்த ஏற்பாட்டின் குரல்.

அதன்பின் நடந்தவற்றை எண்ணினால் வியப்பே மிஞ்சுகிறது. எந்தத் துறைமுகத்துக்காகப் பாலம் பிறந்ததோ அந்தத் துறைமுகமே அங்கிருந்து எழுந்து போய்விட்டது. ஆற்றைத் தூய்மை செய்யும் பெரும்பணி 1977இல் தொடங்கியது. 1983இல் தோணிகள் யாவும் பாசிர் பாஞ்சாங் பக்கம் அனுப்பப்பட்டன. 1987இல் பாலத்தைப் பழுது பார்த்து வலுப்படுத்தினர். 2008இல் மரீனா அணை திறந்தபின், உப்புநீர் ஏறி இறங்கிய அவ்விடம் நன்னீர்த் தேக்கமாகிவிட்டது. எந்த ஏற்றத்தால் பாலத்துக்கு அவப்பெயர் வந்ததோ அந்தக் கடலேற்றமும் இன்று இல்லை. சுற்றிலும் ராபிள்ஸ் பிளேஸின் வானளாவிய கட்டடங்கள். அவற்றுள் 280 மீட்டர் உயரமுள்ளவையும் உண்டு. 1928இல் எழுந்து தலைமை அஞ்சலகமாயிருந்த புல்லர்ட்டன் மாளிகை இன்று சொகுசு ஹோட்டல். 2019இல் காவெனா, ஆண்டர்சன், எல்ஜின் ஆகிய மூன்று பாலங்களும் சேர்த்துத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. கண்ணாடி மாளிகைகளுக்கிடையே அந்தச் சிறு பாலத்தில், இரவு உணவு முடித்த குடும்பங்கள் குழந்தைகளோடு உலவுகின்றன.

இதைப் பாராட்டாமல் இருக்க இயலாது. ஆயினும் வெறும் பாராட்டோடு நிறுத்திவிட நம் மனம் இடந்தரவில்லை. அந்த ஊர் பாலத்தை வைத்துக்கொண்டது, தோணிகளை அனுப்பிவிட்டது. பாலத்தருகே ஆற்றில் குதிக்கும் சிறுவர்களை வெண்கலச் சிலையாக வடித்து நிறுத்தியிருக்கிறார்கள். பார்க்க அழகாகவே இருக்கிறது. உயிருள்ள தோணிக்காரரின் பிழைப்பு அங்கே முடிந்தபின் வந்த அழகு அது. ஆறு நாறிக்கிடந்தது, தூய்மை வேண்டியிருந்தது என்பதெல்லாம் உண்மை, நாம் மறுக்கவில்லை. இரும்பைப் பேணுவது எளிது, அது வாடகை கேட்பதில்லை, பிள்ளைகளைப் படிக்கவைக்க வேண்டியதில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறோம்.

பாலத்தைப் பூட்டிய கைகள் யாருடையவை? இந்தியக் கைதிகளுடையவை. 1825 முதல் இந்தியாவிலிருந்து தண்டனை பெற்றோர் கடல் கடத்திச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோகப்பட்டனர். அங்குள்ள பெரிய தேவாலயமாகிய புனித அந்திரேயாவும், கவர்னர் மாளிகையாய் எழுந்து இன்று குடியரசுத் தலைவர் மாளிகையாயிருக்கும் இஸ்தானாவும் அவர்கள் உழைப்பே. அவர்கள் செய்த கடைசிப் பெரும்பணி இந்தப் பாலம் என்பர். 1873இல் அக்கைதிச் சிறை கலைக்கப்பட்டது. கைதிகளையே கைதிகளுக்குக் காவலராக்கிய அந்த ஏற்பாட்டைப் பற்றி மக்நாயர் என்ற அதிகாரி 1899இல் ஒரு நூலே எழுதினார். கவர்னரின் பெயர் பாலத்தில் இருக்கிறது. வார்த்த கம்பெனியின் பெயர் ஏட்டில் இருக்கிறது. திருகாணியை முறுக்கியவன் பெயர் எங்கே?

நீலகிரி வாசகர்க்கு இங்கே இன்னொரு செய்தி சொல்ல வேண்டும். இங்கிருந்து கைதிகளை அங்கே அனுப்பிய அதே ஆட்சி, அங்கிருந்து சீனக் கைதிகளைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பியது. மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களில் தண்டனை பெற்ற அச்சீனர்கள் 1860களில் நம் மலைமேல் ஏற்றப்பட்டனர். கூடலூர் செல்லும் வழியில் நடுவட்டத்தில், கொயினா மருந்துக்காகச் சிங்கோனா மரம் வளர்க்கும் அரசுத் தோட்டத்தில் அவர்கள் உழைத்தனர். அவர்களை அடைத்த சிறைக் கட்டடம் நடுவட்டத்தில் இன்னும் காணக் கிடைக்கிறது. விடுதலை பெற்றபின் சிலர் இங்கேயே தங்கித் தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் மாடும் கன்றுமாகக் குடும்பம் நடத்தினர். அக்குடும்பங்களைப் பிற்காலத்தில் எட்கர் தர்ஸ்டன் கண்டு எழுதியுள்ளார். இந்தியன் பாலம் கட்டச் சிங்கப்பூருக்கும், சிங்கப்பூர்ச் சீனன் மரம் நட நீலகிரிக்கும்! இந்தப் பண்டமாற்றில் மனிதனுக்கு இருந்த மதிப்பு அவன் தூக்கிய பாரம் மட்டுமே. பாரம் தூக்க முடியாதவனைப் பற்றி அந்தக் கணக்கேட்டில் ஒரு வரியும் இருந்திராது.

அம்மையாரின் கேள்வியை நெஞ்சு ஏன் ஒப்பவில்லை என்பது இப்போது சற்று விளங்குகிறது. 'தூக்க முடிந்தவரைக்கும்தான் இடம்' என்பது அந்தக் கணக்கேட்டின் நியாயம். அதை அவரே தம் நியாயமாகப் பேசக் கேட்டதுதான் நம்மைத் துன்புறுத்தியது.

ஆனால் எதிர்க்கட்சியையும் கேட்க வேண்டும். பழையதையெல்லாம் வைத்துக்கொண்டே இருப்பது அறமா? இல்லை என்பதற்கு ஓர் இரத்த சாட்சியம் உண்டு. குஜராத்தில் மச்சு ஆற்றின் குறுக்கே மோர்பி நகரில் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொங்குபாலம் ஒன்று, நடப்போர்க்காகவே பேணப்பட்டு வந்தது. பழுது பார்த்துத் திறந்த சில நாட்களுக்குள், 2022 அக்டோபர் 30 அன்று, அளவுக்கு மீறிய கூட்டம் அதன்மேல் நிற்கையில் அது அறுந்து வீழ்ந்தது. 135 பேர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகள் பலர். அங்கேயும் பழமைக்கு மரியாதை இருந்தது. சீட்டு விற்று மக்களை ஏற்றும் அளவுக்கு இருந்தது. இல்லாமற்போனது, 'இவ்வளவுதான் இது தாங்கும்' என்று அறிந்து சொல்லும் ஒரு நாவும், அதைக் கேட்கும் ஒரு செவியும். பழையதை வைத்திருப்பவன் அதன் வலிமையை அளந்து வைத்திருக்கக் கடமைப்பட்டவன். அளவாமல் வைத்திருப்பதைவிட இடித்துவிடுவது மேல். பாலம் கிடக்கட்டும் என்று விட்டுவிடுவது பேணுதல் ஆகாது. ஆண்டுதோறும் ஆள் வைத்துப் பார்க்க வேண்டும், பணம் செலவிட வேண்டும், கூட்டம் மிகுந்தால் 'நில்' என்று சொல்ல வேண்டும்.

அதனாலேதான் மூன்று அந்தர்ப் பலகை நமக்கு முக்கியமாகப் படுகிறது. அது 'நீ உதவாதவன், போ' என்றும் சொல்லவில்லை. 'நீ பழம்பெருமை உடையவன், எல்லாரையும் சுமந்து காட்டு' என்றும் சொல்லவில்லை. உன்னால் இயன்றது இது, இதை மட்டும் செய், இதற்குமேல் உன்னிடம் கேட்பவன் குற்றவாளி என்று சொல்லுகிறது. எச்சரிக்கை மாட்டை ஓட்டிவரும் வண்டிக்காரனுக்கே, பாலத்துக்கு அன்று.

வக்பு பற்றி நம் பிக்ஹு நூல்களில் இதற்கு நெருங்கிய ஒரு பழைய வாதம் உண்டு. பள்ளிவாசல் இடிந்து, ஊரும் கலைந்து, தொழுவார் எவருமில்லை என்றாயின் அவ்விடத்தை விற்கலாமா? ஆகாது, அது என்றும் பள்ளியே என்பது நம் கடற்கரை ஊரார் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் நிலை. பயன் முற்றும் அற்றுப்போனால் விற்று, அத்தொகையால் அதே வகையான மற்றொன்றை அமைக்கலாம் என்பது இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் வழி வந்தோர் கருத்து. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நாம் ஆலிம் அல்லோம். ஆனால் இரு சாராரும் ஒன்றை ஒப்புகின்றனர்: பயன் நின்றவுடன் பொருள் வெறும் சந்தைச் சரக்காகிவிடுவதில்லை. எதற்காக அது அளிக்கப்பட்டதோ அந்த நோக்கத்துக்கு ஏதோ ஒருவிதத்தில் அது இன்னும் கட்டுப்பட்டிருக்கிறது. அதை வைத்திருப்பவனும் கட்டுப்பட்டிருக்கிறான். செங்கல்லுக்கும் மரத்துக்கும் இத்தனை நுட்பமாக வழக்காடிய நம் முன்னோர், நாற்பது ஆண்டு கூடை சுமந்த முதுகைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்லியிருப்பர்?

அந்த அம்மையாரைச் சிறுமியாகச் சுமந்து வந்த பாம்பன் ரயில் பாலமும் ஓய்வு பெற்றுவிட்டது. 1914 பிப்ரவரியில் திறந்த பாலம் அது. 145 கண்களும், கப்பலுக்கு வழிவிட்டு மேலே திறக்கும் நடுப்பகுதியும் கொண்டது. 1964 டிசம்பர்ப் புயல் அதன் கண்களைப் பிய்த்தெறிந்தபோது, ஸ்ரீதரன் என்ற பொறியாளரின் பொறுப்பில் 46 நாட்களில் மீண்டும் பொருத்தினர். அரிப்பும் தளர்ச்சியும் மிகுந்து 2022 டிசம்பரில் ரயில்கள் நின்றன. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. பழையதை இனி என்ன செய்வது என்ற கேள்வி எழாமலில்லை. உப்புக்காற்றில் இரண்டு கிலோமீட்டர் இரும்பைக் காப்பது, ஆற்றின்மேல் எண்பது மீட்டர் இரும்பைக் காப்பது போன்றதன்று. இதை உணர்ச்சியால் மட்டும் பேசுவோர் உணர வேண்டும். நம் மலை ரயிலுக்கோ இந்தத் தொல்லை இன்னும் வரவில்லை. 1899இல் குன்னூருக்கு வந்து சேர்ந்த அப்பாதையில் சிறிதும் பெரிதுமாக 250 பாலங்கள். அவை இன்றும் பல்சக்கர ரயிலைச் சுமந்துகொண்டுதான் இருக்கின்றன.

பாம்பன் செய்தியை அம்மையாரிடம் சொன்னோம். சற்று நேரம் பேசாமலிருந்தார். "அந்தப் பாலத்துல வரும்போது எங்கம்மா என்னைக் கண்ணை மூடிக்கச் சொன்னாங்க. கீழே தண்ணி தெரிஞ்சா பயந்துக்குவேன்னு. நான் மூடவே இல்லை பாய்" என்றார்.

தோட்டத்து நிருவாகிகளை நாம் சென்று கண்டோம். கடுமையாகப் பேசவில்லை, மரியாதையாகவே பேசினர். புதிதாக வரும் தொழிலாளர்க்கு வீடு இல்லை என்றனர், அது உண்மையே. தேயிலைக்கு விலை இல்லை என்றனர், அதுவும் உண்மையே. நாற்றங்காலில் பைகளுக்கு மண் நிரப்பவும், தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் தேவைப்படுகிறதே, அரை நாள் வேலையாக அதைக் கொடுத்து வீட்டை விட்டுவைக்கலாகாதா என்று கேட்டோம். கேட்டுச் சொல்கிறோம் என்றனர். மூன்று மாதமாகிறது.

அம்மையாரின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஓர் அறையும் சமையற்கட்டும் உள்ள வாடகை வீடு. அவனுக்கு இரண்டு பிள்ளைகள். அம்மாவை அங்கே அழைத்துக்கொள்ள வருவதாக ஞாயிற்றுக்கிழமை போன் செய்தானாம். "வா, ஆனா பொட்டி தூக்க நீயே வரணும், என்னால ஆகாதுன்னு சொல்லிட்டேன்" என்றார் அம்மையார். தகரப்பெட்டி ஒன்று, தலைமன்னாரிலிருந்து வந்தது. அவர் வாசலில் அது பூட்டி வைத்தபடி இருக்கிறது. நிருவாகிகளிடமிருந்து விடை வரும்வரை பெட்டியை வண்டியில் ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறோம். இந்த வாரம் மறுபடியும் போய்க் கேட்கப் போகிறோம்.